"அஞ்சு நிமிசம்தானே சேர்?"



பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். திட்டுவதென்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு ஊர் வாட்ஸ்அப் குறூப் ஒன்றில் ஒரு கதை போனது. "லெப் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, படிப்பிக்க சேரும் இருக்காரு. அப்ப ஏன் ஐ.சி.ரி.யில இவ்வளவு எஸ்ஸும் டபிள்யூவும்?" என்று ஒரு வாப்பா கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், "சேர் எங்க லெப்ல இருக்காரு? எந்த நேரமும் ஒபிஸ்லதானே இருக்காரு" என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள்.

எங்களுக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த மனிதர் சொன்னது உண்மை. நாங்கள் ஒபிஸில்தான் இருந்தோம். அங்கே ஏன் இருந்தோம், யார் இருத்தினார்கள் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறோம்.

"நாங்கள்" என்றால் நாலு பேர். கிழக்குக் கரையோரத்தில் உள்ள ஒரு முஸ்லிம் பாடசாலையில் ஒருவர் தகவல் தொழில்நுட்பம், ஒருவர் சித்திரம், ஒருவர் உடற்கல்வி, ஒருவர் விசேட கல்வி அலகு. எழுதுவது ஒரு கை. சொல்வது நாலு பேரும் இருந்து கதைத்தது. பாடசாலையின் பெயரை எழுத மாட்டோம். அதைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். இது ஒரு அதிபரின் பிழை அல்ல. பக்கத்து ஊர்ப் பாடசாலையில் கேட்டாலும் இதே கதைதான்.

முதலில் கம்ப்யூட்டர் சேரின் ஒரு நாளைப் பாருங்கள்.

காலை 7.30க்கு மணி அடிக்கிறது. முதலாம் பாடவேளை தரம் 11, லெப்பில். அன்றைக்குப் பாடம் செய்நிரலாக்கம். பாய்ச்சற் கோட்டுப் படம் ஒன்றைக் கீறி, அதைப் பிள்ளைகளே கணினியில் எழுதிப் பார்க்க வேண்டும். பதினெட்டுப் பிள்ளைகள், வேலை செய்யும் கணினி பதினொன்று. இயக்கி முடிக்கவே பத்து நிமிசம் போகும். அப்போது ஒபிஸிலிருந்து ஒரு பிள்ளை வரும். "சேர், அதிபர் சேர் உடனே வரட்டாம். வலயத்துக்கு அனுப்புற தரவாம். அஞ்சு நிமிசம்தானாம்."

போனால் அது அஞ்சு நிமிசம் அல்ல. பாடசாலைத் தொகைமதிப்பு, பரீட்சைத் திணைக்களத்துக்கான இணையவழி விண்ணப்பம், புலமைப்பரிசில் பெயர்ப் பட்டியல், சப்பாத்து வவுச்சர் பட்டியல், சத்துணவுப் பட்டியல், ஆசிரியர் விபரம், மாணவர் விபரம். போன மாதம் அனுப்பிய அதே விபரத்தை இந்த மாதம் வேறொரு படிவத்தில் கேட்பார்கள். "இன்று பி.ப. 12.00 மணிக்கு முன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி காலை 9.00 மணிக்கு வரும். நெற் இழுக்காது. ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், இடாப்பில் வேறு பெயர். வகுப்பாசிரியரைத் தேடிப் போனால் அவர் லீவு. இதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும்.

தரவு வேலை இல்லாத நாளிலும் ஆறுதல் இல்லை. பிரின்டர் சிக்கினால் நாங்கள். தவணைப் பரீட்சை வினாத்தாளை ரைப் பண்ண நாங்கள். பரிசளிப்பு விழாச் சான்றிதழ், அழைப்பிதழ், பெனர் எல்லாம் நாங்கள். கூட்டத்துக்கு மல்ரிமீடியா பூட்ட நாங்கள். மைக் கத்தினாலும், "கம்ப்யூட்டர் சேரைக் கூப்பிடுங்க" என்பார்கள். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று வரை எங்களுக்கு விளங்கவில்லை.

இந்த நேரமெல்லாம் அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளும் என்ன செய்தார்கள்? லெப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது. பொருட்களுக்கு நாங்கள்தான் பொறுப்பு. ஆகவே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பி, கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருசம் ஒரு தவணை முழுக்க ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிப் பார்த்தோம். தரம் 11க்கு எங்கள் நேரசூசியில் கிழமைக்கு மூன்று பாடவேளை. அந்தத் தவணையில் முப்பத்து மூன்று பாடவேளை நடந்திருக்க வேண்டும். முழுதாக நடந்தது பத்தொன்பது. மிச்சம் பதினாலில் மூன்று எங்கள் சொந்த லீவு. அதை மறைக்கவில்லை. மற்றப் பதினொன்றும் "அஞ்சு நிமிசம்தானே" என்று போனவை. ஒரு பாடவேளை 40 நிமிசம். பதினொன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஏழு மணித்தியாலத்துக்கும் மேல். அது ஒரு முழுப் பாடசாலை நாளை விடக் கூட.

தருக்கப் படலையைக் கரும்பலகையில் கீறிப் படிப்பிக்கலாம். விரிதாளையும் தரவுத்தளத்தையும் செய்நிரலாக்கத்தையும் கரும்பலகையில் படிப்பிப்பது, கடலைப் படத்தில் காட்டி நீச்சல் பழக்குவது போல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூசனுக்குப் போய், வீட்டில் லெப்டொப்பில் செய்து பார்த்து ஏ எடுத்துவிடும். எஸ் எடுப்பது யார்? மீன்பிடிக்கப் போகிறவரின் பிள்ளை, கூலிக்கு வயல் வெட்டுகிறவரின் பிள்ளை, உம்மா வெளிநாட்டில் இருக்க மூத்தம்மாவோடு வளரும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் கணினியைத் தொடக் கிடைக்கும் இடம் அந்த லெப் மட்டும்தான். நாங்கள் ஒபிஸில் இருந்து அந்தப் பிள்ளையின் பெயரை வவுச்சர் பட்டியலில் பிழையில்லாமல் ரைப் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பிள்ளையின் பாடவேளைதான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது சித்திர டீச்சரின் கதை.

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி. கொடி, வளைவு, இல்லச் சோடனை. பிறகு புதிய மாணவர் வரவேற்பு. பிறகு மீலாத். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். இடையில் யாராவது அதிகாரி மேற்பார்வைக்கு வந்தால் சுவர் எல்லாம் பூவும் வண்ணத்துப் பூச்சியும். டீச்சர் ரெஜிபோம் வெட்டாத மாதம் இல்லை. ஆசிரியர் தினத்துக்கே, அதாவது அவருக்கு மரியாதை செய்யும் விழாவுக்கே, மேடையை அவர்தான் சோடிக்கிறார். மற்ற ஆசிரியர்கள் கதிரையில் இருந்து மாலை வாங்கும்போது டீச்சரின் கையில் பசை. "டீச்சருக்கு அது சின்ன வேலைதானே" என்பார்கள். சின்ன வேலைதான். ஆனால் மூன்று நாள் எடுக்கும் சின்ன வேலை. வருசத்துக்குப் பத்துத் தரம் வரும் சின்ன வேலை. அந்த மூன்று நாளும் தரம் 10 பிள்ளை நீர்வர்ணத்தை எப்படிக் கலப்பது என்று யாரிடம் கேட்கும்?

உடற்கல்வி சேர் காலையில் கேற்றடியில் நிற்கிறார். பிந்தி வரும் பிள்ளையைப் பிடிக்க, தலைமயிர் வளர்த்த பொடியனைப் பிடிக்க, வெளியில் பாயும் பொடியனைப் பிடிக்க. குரல் பெரிசு, உடம்பு பெரிசு என்று ஒழுக்காற்று வேலை முழுவதும் அவர் தலையில். சுகாதாரமும் உடற்கல்வியும் என்று ஒரு பாடம் இருப்பதும், அதற்கும் சாதாரண தரத்தில் வினாத்தாள் இருப்பதும் பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் ஆசையோடு போக வேண்டிய மனிதர், பிள்ளைகள் கண்டால் ஒளிக்கிற மனிதராகிவிட்டார். அவருக்கே அது கவலை.

இவையெல்லாம் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னாலும், அடுத்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

எங்கள் பாடசாலையில் ஒரு விசேட கல்வி அலகு இருக்கிறது. எட்டுப் பிள்ளைகள். அதற்கென்று பயிற்சி பெற்ற டீச்சர் ஒருவர். ஒரு ஆசிரியர் லீவு என்றால் ரிலீப் போட வேண்டும். பிரதி அதிபர் நேரசூசியைப் பார்ப்பார். எல்லோருக்கும் வகுப்பு. பிறகு கண் போகும் இடம் அந்த அலகு. "எட்டுப் பிள்ளைதானே டீச்சர். அதுகள் விளையாடிக்கிட்டு இருக்கும். நீங்க 8சீக்கு ஒருக்காப் போங்க."

அந்த எட்டில் ஒரு மகன். பெயர் எழுத மாட்டோம். வந்த புதிதில் கதிரையில் இரண்டு நிமிசம் இருக்க மாட்டான். கதவடியில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். டீச்சர் ஏழு மாதம் பாடுபட்டார். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே பாய், அதே பந்து, அதே சொல். இப்படியான பிள்ளைகளுக்கு ஒழுங்கு மாறாமல் இருப்பதுதான் மருந்து. ஏழாம் மாதம் அவன் தண்ணீர்ப் போத்தலைக் காட்டி "தண்ணி" என்றான். அவனுடைய உம்மா அன்று பாடசாலைக்கு வந்து டீச்சரைக் கட்டிப் பிடித்து அழுதது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிபருக்கும் தெரியும். ஸ்டாப் ரூமில் ஷோர்ட் ஈட்ஸும் வைத்தோம்.

அடுத்த மாதம் தவணைப் பரீட்சை. மேற்பார்வைக்கு ஆள் போதாது. டீச்சரை இரண்டு கிழமை பரீட்சை மண்டபத்துக்குப் போட்டார்கள். அலகைப் பார்க்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆள். சில நாள் ஆளே இல்லை. "ரெண்டு கிழமைக்கு அனுப்பாதீங்க" என்று சில உம்மாமாருக்குச் சொல்லப்பட்டது. டீச்சர் திரும்பி வந்தபோது அந்த மகன் மறுபடி கதவடியில் நின்றான். போத்தலைக் காட்டினால் முகத்தைத் திருப்பினான். அந்தச் சொல் திரும்பி வர மேலும் நாலு மாதம் எடுத்தது.

8சீ பிள்ளைகளுக்கு ஒரு ரிலீப் பாடவேளை கிடைத்தது. அவர்கள் அதில் சத்தம் போட்டார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. அந்த மகனுக்குப் போனது நாலு மாதம். இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறன் உள்ளவர் என்பதற்காகப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நாங்கள் அனுமதியில் பாகுபாடு காட்டவில்லை. சேர்த்துக்கொண்டோம். சேர்த்துக்கொண்டு டீச்சரை எடுத்துவிட்டோம்.

இப்போது உங்கள் கேள்விகள்.

"எல்லா ஆசிரியருக்கும்தான் மேலதிக வேலை இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன விசேடம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வகுப்பாசிரியர் வேலை, இடைவேளைக் கடமை, சங்கங்கள், சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, இவை எல்லோருக்கும் பொது. அதை நாங்களும் செய்கிறோம், இனியும் செய்வோம். நாங்கள் சொல்வது வேறு. பொது வேலை பங்கு போட்டு வரும். எங்களுக்கு வருவது, "உனக்குத் தெரியும், ஆகவே நீயே செய்" என்று வருவது. அதற்குப் பங்கும் இல்லை, முடிவும் இல்லை. அதோடு அது பாடவேளைக்குள் வருகிறது.

கணித சேரை யாராவது பாடவேளையில் கூப்பிட்டு, "கென்ரீன் கணக்கைக் கொஞ்சம் பார்த்துத் தாங்க, உங்களுக்குக் கணக்குத் தெரியும்தானே" என்று சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஏன்? கணிதத்தில் பெயில் என்றால் பிள்ளை உயர்தரம் போவதே சிக்கல், ஊர் கேள்வி கேட்கும், வலயம் கேள்வி கேட்கும். எங்கள் பாடங்களை யாரும் கேட்பதில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத பாடத்திலிருந்துதான் நேரம் களவு போகிறது.

"அரசாங்கச் சம்பளம் எடுக்கிறீங்கதானே, சொன்ன வேலையைச் செய்யுங்க" என்பார்கள். எடுக்கிறோம். எதற்கு? நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கும் பாடத்தைப் படிப்பிக்க. எங்களில் ஒருவர் கல்வியியற் கல்லூரியில் மூன்று வருசம் இருந்து வந்தவர். ஒருவர் பட்டம் முடித்து, பிறகு விசேட கல்விக்குப் பயிற்சி எடுத்தவர். மக்களுடைய காசில் இந்த நாடு எங்களைப் பயிற்றியது, பெயர்ப் பட்டியல் ரைப் பண்ணவும் ரெஜிபோம் வெட்டவும் அல்ல. அந்தச் சம்பளம் எங்களிடம் உள்ள அமானிதம். பாடவேளையைப் பிள்ளையிடம் ஒப்படைக்காமல் ஒபிஸில் ஒப்படைத்தால் அந்தக் கணக்கு மறுமையில் எங்களிடம்தான் கேட்கப்படும், வலயத்திடம் அல்ல. எங்கள் பயமே அதுதான்.

"ஒபிஸில் ஆள் இல்லையே, அதிபர் என்ன செய்வார்?" இதுவும் உண்மைதான். வகை 2, வகை 3 பாடசாலைகள் பலவற்றில் ஒரு எழுதுவினைஞர் கூட இல்லை. மேலிருந்து கேட்கும் தரவோ வருசத்துக்கு வருசம் கூடுகிறது. அதிபரும் அமுக்கத்தில்தான் இருக்கிறார். ஆனால் பல பாடசாலைகளுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பட்டதாரிகள் வந்திருக்கிறார்கள். எங்கள் பாடசாலையிலும் இருக்கிறார்கள். கணினி தெரிந்த பிள்ளைகள். அவர்களை வகுப்பில் ரிலீப்புக்கு அனுப்பிவிட்டு, லெப்பில் இருக்கும் ஆசிரியரை ஒபிஸுக்குக் கூப்பிடுகிறோம். இரண்டு பேரும் இடம் மாறி நிற்கிறார்கள். இதைச் சரிசெய்யப் புதிய நியமனம் தேவையில்லை, அமைச்சின் சுற்றுநிருபம் தேவையில்லை. அரை மணித்தியாலம் இருந்து ஒரு மஷூரா செய்தால் போதும்.

எங்கள் பக்கப் பிழையையும் சொல்லிவிடுகிறோம்.

எங்களில் சிலருக்கு ஒபிஸ் பிடித்துப் போய்விட்டது. மின்விசிறி, பிளேன்ரீ, அதிபரின் பக்கத்துக் கதிரை. "சேர் இல்லாட்டி ஒண்டும் நடக்காது" என்று நாலு பேர் சொல்லும்போது மனம் குளிரத்தான் செய்யும். வகுப்பில் முப்பது பிள்ளையோடு கத்துவதை விட இது சுகம். அப்படிப் பழகிப் போன ஆசிரியர் கூப்பிட முன்னமே போய் இருப்பார். அவரால்தான் "போக மாட்டேன்" என்று சொல்கிற ஆசிரியர் திமிர் பிடித்தவராகத் தெரிகிறார்.

இன்னொன்று. புதிதாக நியமனம் பெற்று வந்த ஒரு தங்கச்சிக்கு எங்களில் ஒருவர் கொடுத்த முதல் புத்திமதி, "கம்ப்யூட்டர் தெரியும் எண்டு இங்க யாருக்கும் சொல்லிராதீங்க" என்பதுதான். அதைச் சொன்ன பிறகு எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஒருவரிடம், தெரிந்ததை மறையுங்கள் என்று சொல்ல வேண்டிய இடமாகப் பாடசாலை ஆகிவிட்டது.

2021இல் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுக்க அதிபரும் ஆசிரியரும் ஒன்றாக நின்றோம். நல்ல விடயம். ஆனால் பாடவேளை பறிபோவதைப் பற்றி நாங்கள் ஒரு பதாகை கூடப் பிடித்ததில்லை. சம்பளம் எங்களுடையது, பாடவேளை பிள்ளைகளுடையது. எங்களுடையதற்குக் குரல் எடுத்த அளவுக்குப் பிள்ளைகளுடையதற்குக் குரல் எடுக்கவில்லை.

கடைசியாக, ஊரே, உங்களுக்கும் ஒரு சொல்.

பள்ளிவாசல் நோட்டீஸ், கழகத்தின் சுற்றுப்போட்டிப் போஸ்டர், கலியாண அழைப்பிதழ், மையத்துச் செய்தி, எல்லாவற்றுக்கும் "சேர், ஒருக்கா அடிச்சுத் தாங்களன்" என்று காலை பத்து மணிக்குப் பாடசாலை ஒபிஸ் ஜன்னலடியில் வந்து நிற்பது யார்? வீட்டுக்கு வாருங்கள், அசருக்குப் பிறகு வாருங்கள், சந்தோசமாகச் செய்து தருவோம். பத்து மணிக்கு வந்து எங்களை வெளியில் எடுத்துவிட்டு, பெறுபேறு வந்த அன்று குறூப்பில் சிரிப்புப் படம் போடாதீர்கள்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

1. நேரசூசியில் வகுப்பு இருக்கும் பாடவேளையில் எந்த ஆசிரியரையும் ஒபிஸ் வேலைக்குக் கூப்பிடாதீர்கள். மேலிடம் அவசரம் என்றால், அந்தப் பாடவேளையை அதே கிழமைக்குள் திருப்பித் தாருங்கள். போனதையும் தந்ததையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. வகுப்புத் தரவை அந்தந்த வகுப்பாசிரியரே பதியட்டும். எப்படி என்று நாங்கள் பழக்கித் தருகிறோம். இரண்டு சனிக்கிழமை போதும், காசு வேண்டாம். ஒபிஸ் தரவுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர்களைப் பொறுப்பாக்குங்கள்.

3. சோடனைக்கு ஒரு குழு போடுங்கள். சித்திர டீச்சர் மாதிரியைக் கீறித் தருவார். வெட்டுவதும் ஒட்டுவதும் எல்லோருடைய கையும். கேற்றடிக் கடமையும் அப்படியே, முறை வைத்துச் செய்வோம்.

4. விசேட கல்வி அலகின் ஆசிரியரை ரிலீப்புக்கும் பரீட்சை மேற்பார்வைக்கும் எடுக்கவே கூடாது. மற்ற மூன்றிலும் பேசித் தீர்க்கலாம். இதில் விட்டுக்கொடுக்க எங்களால் முடியாது.

5. பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். கட்டடம், வர்ணம், மதில் பற்றி மட்டும் கதைக்காமல், "போன தவணை எத்தனை பாடவேளை நடந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "என்ன சாப்பிட்ட?" என்று கேட்கிறீர்கள். அதோடு "இண்டைக்கு லெப்புக்குப் போனியா மகன்?" என்றும் ஒருக்காக் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் என்று எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள். கோபிக்க மாட்டோம். அந்தக் கோல் வந்தால்தான் அடுத்த முறை, "பெற்றோர் கேட்கிறாங்க சேர், வகுப்பு முடிஞ்சு வாறன்" என்று சொல்ல எங்களுக்கும் ஒரு பலம் இருக்கும்.

இந்தப் பதிவால் எங்களுக்குக் கரைச்சல் வரலாம். இடமாற்றமும் வரலாம். அல்லாஹ் போதுமானவன். ஆனால் நாளைக் காலை 7.30க்குத் தரம் 11க்குச் செய்நிரலாக்கம் இருக்கிறது. லெப்பைத் திறந்து, பதினொரு கணினியையும் இயக்கி வைத்துவிட்டு அங்கேதான் இருப்போம். ஒபிஸிலிருந்து பிள்ளை வந்தால், பாடம் முடிந்து வருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.

மற்றப் பாடசாலைகளில் உள்ள சகோதர ஆசிரியர்களே, உங்கள் கதையையும் கீழே எழுதுங்கள். பாடசாலையின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். எந்தப் பாடம், எத்தனை பாடவேளை போனது என்பது மட்டும் போதும்.

வஸ்ஸலாம்.